வேகத்தில் டயர் ஏன் வெடிக்கிறது? நெடுஞ்சாலைக்குப் புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

‘டயர் வெடித்து, கட்டுப்பாட்டை இழந்த கார் டிவைடரில் மோதியது’ என்று செய்தித்தாளில் அடிக்கடி படிக்கிறோம். நேரம் சரியில்லை, விதி என்று சொல்லிவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விடுகிறோம். நீதிமன்றம் அப்படி நினைக்கவில்லை. 2010-ல் புனேயிலிருந்து மும்பைக்குப் போன ஒரு காரின் பின்டயர் வெடித்து, கார் பள்ளத்தில் விழுந்து ஒருவர் இறந்தார். இழப்பீட்டு வழக்கில் காப்பீட்டு நிறுவனம், டயர் வெடித்தது கடவுள் செயல் என்று வாதிட்டது. 2023-ல் பம்பாய் உயர் நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. அது மனிதரின் கவனக்குறைவு என்று சொல்லி, 1.25 கோடி ரூபாய் இழப்பீட்டை உறுதிசெய்தது. அதிவேகம், குறைந்த காற்று, அதிகக் காற்று, பழைய டயர், வெப்பம் என்று டயர் வெடிப்பதற்கான காரணங்களையும் தீர்ப்பில் அடுக்கியது.

அந்தப் பட்டியல் சரிதான். ஆனால் அதில் உள்ள எல்லாவற்றுக்கும் சம எடை இல்லை. என் கணக்கில் முதலிடம் குறைந்த காற்றுக்கு. அதிகக் காற்றுக்குக் கடைசி இடம் கொடுத்தாலே போதும். நம் ஊரில் பெரும்பாலானோர் இதைத் தலைகீழாக நம்புகிறார்கள். ‘வெயில் காலம், காத்து ஏறிடும், ரெண்டு பாயின்ட் கம்மியாவே வைங்க’ என்ற அறிவுரையைக் கேட்காத கார்க்காரர் இருக்க முடியாது. அந்த அறிவுரைதான் பல டயர்களைக் கொல்கிறது. ஏன் என்று முதலில் பார்த்துவிடுவோம். அது புரிந்தால் மற்றதெல்லாம் தானாகப் புரியும்.

படி 1: உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்

கார் டயர் என்பது வெறும் ரப்பர் இல்லை. உள்ளே பாலியஸ்டர் நூலிழை அடுக்கு, அதற்கு மேல் எஃகுக் கம்பிப் பட்டைகள், எல்லாவற்றையும் பிடித்துவைக்கும் ரப்பர். வண்டியின் எடையைச் சுமப்பது டயர் இல்லை, அதற்குள் இருக்கும் காற்று. காற்று குறைந்தால் டயரின் பக்கச்சுவர் ஒவ்வொரு சுற்றிலும் தரையைத் தொடும் இடத்தில் அதிகமாக மடங்கும், மேலே போனதும் நிமிரும். 195/55 ஆர் 16 அளவு டயரின் சுற்றளவு ஏறக்குறைய 1.95 மீட்டர். 100 கி.மீ. வேகத்தில் அது நொடிக்கு 14 முறை சுற்றும். அதாவது பக்கச்சுவரின் ஒவ்வொரு இடமும் நொடிக்கு 14 முறை மடங்கி நிமிர்கிறது. ஒரு கம்பியைக் கையில் வைத்து முன்னும் பின்னும் வளைத்துக்கொண்டே இருந்தால் சுடுமே, அதே கதைதான்.

இந்தச் சூடு வெயிலிலிருந்து வருவதில்லை, டயருக்குள்ளேயே பிறக்கிறது. வெயிலில் கொதிக்கும் சாலை அந்தச் சூடு வெளியேறாமல் தடுக்கிறது, அவ்வளவுதான். சூடு ஏற ஏற ரப்பருக்கும் நூலிழைக்கும் எஃகுப் பட்டைக்கும் இடையே உள்ள ஒட்டு தளரும். காற்று மிகக் குறைவாகவும் வேகம் மிக அதிகமாகவும் இருந்தால் இன்னொன்றும் நடக்கும். மடங்கிய பகுதி நிமிர்வதற்குள் அடுத்த சுற்று வந்துவிடும். தரையை விட்டு எழும் இடத்துக்குப் பின்னால் டயரின் மேல் அலை அலையாகச் சுருக்கம் நிற்கும். அந்த நிலைக்குப் போன டயர் சில நிமிடங்கள் தாங்கினாலே பெரிது.

இதற்கு உலகம் பார்த்த மிகப் பெரிய பாடம் ஃபயர்ஸ்டோன் விவகாரம். ஃபோர்டு எக்ஸ்ப்ளோரர் கார்களில் போட்டிருந்த ஃபயர்ஸ்டோன் டயர்களின் மேல்பட்டை வேகத்தில் அப்படியே உரிந்து வந்தது, கார்கள் உருண்டன. 2000 ஆகஸ்டில் 65 லட்சம் டயர்களைத் திரும்பப் பெற வேண்டியதாயிற்று. அமெரிக்காவில் மட்டும் 270-க்கும் மேற்பட்டோர் இறந்ததாக அந்நாட்டு நெடுஞ்சாலைப் பாதுகாப்பு அமைப்பு கணக்கிட்டது. விபத்துகள் அதிகம் நடந்தவை அரிசோனா, டெக்சஸ், புளோரிடா போன்ற வெப்ப மாநிலங்கள். அந்தக் காருக்கு ஃபோர்டு சொன்ன காற்றழுத்தம் 26 பி.எஸ்.ஐ. (காற்றழுத்த அலகு, பேச்சில் ‘பாயின்ட்’ என்பது இதைத்தான்). 30 வைத்திருக்க வேண்டும் என்றது டயர் நிறுவனம். டயரின் வடிவமைப்பிலும் தயாரிப்பிலும் குறை இருந்ததை விசாரணை சொன்னது. ஃபோர்டும் ஃபயர்ஸ்டோனும் ஒருவரையொருவர் குற்றம்சாட்டி, ஏறக்குறைய நூறாண்டு வணிக உறவையே 2001-ல் முறித்துக்கொண்டார்கள். யார் மேல் எவ்வளவு தவறு என்பது இருக்கட்டும். நமக்கு வேண்டியது ஒன்றுதான்: பலவீனமான டயர், குறைந்த காற்று, முழுச் சுமை, கோடை, நீண்ட நேர வேகம் ஆகியவை ஒன்றுசேர்ந்தபோதுதான் பட்டை உரிந்தது. ஊருக்குள் ஓடிய அதே டயர்கள் பெரும்பாலும் ஒன்றும் ஆகாமல் ஓடிக்கொண்டிருந்தன.

படி 2: காற்றை நீங்களே அளந்து பழகுங்கள்

ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால் தூணில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். சில வண்டிகளில் பெட்ரோல் மூடிக்கு உட்புறம் ஒட்டியிருப்பார்கள். முன்சக்கரம், பின்சக்கரம், இரண்டு மூன்று பேர் போகும்போது எவ்வளவு, முழுச் சுமைக்கு எவ்வளவு என்று அதில் தனித்தனியாக இருக்கும். அந்த எண்தான் உங்கள் வண்டிக்கான எண். டயரின் பக்கவாட்டில் 44 அல்லது 51 பி.எஸ்.ஐ. என்று அச்சாகியிருப்பதைப் பார்த்து அதை நிரப்பிவிடாதீர்கள். அது அந்த டயருக்கான உச்ச வரம்பு, உங்கள் காருக்கான அளவு இல்லை.

அளக்க வேண்டியது டயர் குளிர்ந்திருக்கும்போது. வண்டி குறைந்தது மூன்று மணி நேரம் நின்றிருக்க வேண்டும், அல்லது இரண்டு கிலோமீட்டருக்குள்தான் ஓடியிருக்க வேண்டும். காலையில் வீட்டு வாசலில் அளப்பதுதான் உத்தமம். அதற்கு ஒரு கேஜ் வேண்டும். சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. வால்வு மூடியைக் கழற்றி, கேஜின் வாயை நேராக வைத்து ஒரே அழுத்தாக அழுத்த வேண்டும். சாய்த்து வைத்தால் ‘புஸ்’ என்று காற்று கசிந்து தவறான எண்ணைக் காட்டும். சத்தம் நின்ற பிறகு வரும் எண்தான் சரி. ஒரே டயரை இரண்டு முறை அளந்து ஒரே எண் வந்தால் உங்கள் கை பழகிவிட்டது என்று அர்த்தம்.

இனி அந்த வெயில்காலக் கணக்கு. காலையில் 27 டிகிரியில் 33 பி.எஸ்.ஐ. வைத்துவிட்டுக் கிளம்புகிறீர்கள். மதியம் நெடுஞ்சாலையில் டயருக்குள் இருக்கும் காற்று 57 டிகிரிக்குப் போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்போது அழுத்தம் 38-ஐ ஒட்டி நிற்கும். ஐந்து பாயின்ட் ஏறியிருக்கிறது. நல்ல நிலையில் உள்ள கார் டயர் இதைப் போலப் பல மடங்கு அழுத்தத்தைத் தாங்கும். இந்த ஏற்றத்தை எதிர்பார்த்துத்தான் ஸ்டிக்கரில் குளிர்ந்த நிலைக்கான எண்ணைக் கொடுத்திருக்கிறார்கள். சூடான டயரில் 38 காட்டுகிறதே என்று பயந்து ஐந்து பாயின்ட்டை இறக்கிவிட்டால், டயர் குளிர்ந்ததும் 28-க்கு வந்துவிடும். அடுத்த நாள் காலை அதே டயரில் முழுக் குடும்பத்தையும் ஏற்றிக்கொண்டு 100-ல் போவீர்கள். முதல் படியில் சொன்ன மடங்கல் அங்கே ஆரம்பிக்கிறது.

பெட்ரோல் பங்கில் இப்படி ஒரு பேச்சு நடக்கும்:

“அண்ணே, லாங் போறீங்களா? நாலுலயும் 28 வெச்சு விடட்டா? வெயிலு ஜாஸ்தி.”

“வேணாம் தம்பி. முன்னாடி 33, பின்னாடி 36. ஸ்டிக்கர்ல போட்டிருக்கு பாரு. ஸ்டெப்னிக்கும் அடிச்சிடு.”

அந்தத் தம்பி மேல் தவறில்லை. நூறு பேர் கேட்பதை அவர் நூற்றியோராவது ஆளிடம் சொல்கிறார். எண்ணை நாம்தான் சொல்ல வேண்டும். பங்க் வரைக்கும் வண்டி ஓடி டயர் சூடாகியிருந்தால் மூன்று நான்கு பாயின்ட் கூடுதலாக வைத்துவிட்டு, மறுநாள் காலையில் வீட்டில் சரிபார்த்துக்கொள்ளலாம்.

நைட்ரஜன் அவசியமா என்று எல்லோரும் கேட்பார்கள். சாதாரணக் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான். தூய நைட்ரஜனில் ஈரப்பதம் இல்லை, கொஞ்சம் மெதுவாகக் கசியும், அவ்வளவே. சும்மா கிடைத்தால் போட்டுக்கொள்ளுங்கள். நைட்ரஜன் போட்டாயிற்று என்று மூன்று மாதம் அளக்காமல் விடுவதைவிட, சாதாரணக் காற்றை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை அளப்பது எவ்வளவோ மேல்.

டேஷ்போர்டில் டயர் எச்சரிக்கை விளக்கு இருப்பவர்கள் அதை முழுதாக நம்பவேண்டாம். ஃபயர்ஸ்டோன் விபத்துகளுக்குப் பிறகு வந்த அமெரிக்கச் சட்டம்தான் இந்த டி.பி.எம்.எஸ். கருவியைக் கட்டாயமாக்கியது. அந்த விதியின்படி, பரிந்துரைத்த அழுத்தத்தில் 25 சதவீதம் குறைந்தால் விளக்கு எரிய வேண்டும். 33-ல் கால்வாசி போனால் 25-க்கும் கீழே. அதாவது 27-ல் ஓடிக்கொண்டிருக்கும்போது விளக்கு எரியாமலேயே இருக்கலாம். இன்னொன்று, சில கார்களில் டயருக்குள் சென்சார் கிடையாது. சக்கரம் சுற்றும் வேகத்தை ஒப்பிட்டுக் கணிக்கும் ஏற்பாடுதான் இருக்கும். நான்கு டயர்களும் சேர்ந்து ஒரே அளவு இறங்கினால் அதற்குத் தெரியாது. காற்றடித்த பிறகு அதை ரீசெட் செய்யவும் வேண்டும்.

படி 3: வண்டியைச் சுற்றி வாருங்கள்

நீண்ட பயணத்துக்கு முந்தைய நாள் மாலை பத்து நிமிடம் ஒதுக்கினால் போதும். முந்தைய நாள் என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. காலை நான்கு மணிக்குக் கிளம்பும்போது டயரில் வீக்கத்தைப் பார்த்தால் ‘போய்ட்டு வந்து மாத்திக்கலாம்’ என்றுதான் யாருக்கும் தோன்றும்.

முதலில் பக்கச்சுவரைக் கையால் தடவுங்கள். கோலிக்குண்டு அளவுக்கோ எலுமிச்சை அளவுக்கோ புடைப்பு தட்டுப்பட்டால் அந்த டயரின் கதை முடிந்தது. பள்ளத்திலோ டிவைடர் முனையிலோ வேகமாக ஏறி இறங்கியபோது, டயர் ரிம்முக்கும் கல்லுக்கும் இடையே நசுங்கி உள்ளே நூலிழை அறுந்திருக்கிறது. அறுந்த இடத்தில் வெறும் ரப்பர்தான் காற்றைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. இதற்கு ரிப்பேர் கிடையாது. அடி வாங்கியது இன்றைக்கு, வெடிப்பது மூன்று வாரம் கழித்து வேறொரு மாவட்டத்தில் நல்ல சாலையில் என்று இருக்கும். அதனால்தான் பலருக்கு ‘சும்மா போய்க்கிட்டிருந்தப்ப வெடிச்சிடுச்சு’ என்று தோன்றுகிறது. சக்கரத்தின் உட்பக்கத்தையும் பார்க்க வேண்டும். ஸ்டியரிங்கை முழுதாக ஒரு பக்கம் திருப்பிவிட்டு டார்ச் அடித்துப் பார்த்தால் முன்டயர்களின் உட்புறம் தெரியும்.

அலைன்மென்ட் (சக்கரங்கள் நிற்கும் கோணம்) கெட்ட வண்டிகளில் தேய்மானம் உள்விளிம்பில்தான் அதிகம் இருக்கும். வெளியிலிருந்து பார்க்க டயர் புதிது போல இருக்கும், உள்விளிம்பில் கம்பி எட்டிப் பார்க்கும். டிரெட் எனப்படும், தரையைத் தொடும் மேல்பகுதியின் பள்ளங்களுக்கு இடையே குறுக்காகச் சிறு மேடுகள் இருப்பதைப் பாருங்கள். டிரெட் தேய்ந்து அந்த மேட்டுக்குச் சமமாக வந்துவிட்டால் மிச்சம் 1.6 மி.மீ., அதாவது சட்டப்படியான எல்லை. நெடுஞ்சாலையில் மழையில் போகிறவர் அந்த எல்லை வரை காத்திருக்க வேண்டியதில்லை.

வால்வின் அடிப்பகுதியை விரலால் லேசாக வளைத்துப் பாருங்கள். வெடிப்பு தெரிந்தால் மாற்றச் சொல்லுங்கள். செலவு மிகக் குறைவு. ஆனால் வேகத்தில் வெளிப்பக்கம் இழுபடும் விசையில் பழுத்த வால்வு வாய்பிளந்து காற்றை விட்டுவிடும்.

படி 4: டயரில் எழுதியிருப்பதைப் படியுங்கள்

பக்கச்சுவரில் டி.ஓ.டி. (DOT) என்ற எழுத்துகள் இருந்தால் அந்த வரிசையின் கடைசியில், இல்லையென்றால் தனியாக ஒரு நீள்வட்டத்துக்குள், நான்கு இலக்க எண் இருக்கும். 2319 என்றால் 2019-ம் ஆண்டின் 23-வது வாரத்தில் தயாரானது. ஒரு பக்கம் தேடிக் கிடைக்காவிட்டால் மறுபக்கம் இருக்கும்.

ரப்பர் ஓடினாலும் ஓடாவிட்டாலும் முதுமை அடையும். ஐந்து வயதைத் தாண்டினால் ஆண்டுக்கு ஒருமுறை கடையில் கழற்றிப் பார்க்கச் சொல்கிறார்கள் தயாரிப்பாளர்கள். டிரெட் எவ்வளவு இருந்தாலும் பத்தாண்டு உச்ச வரம்பு. ஆறு ஆண்டிலேயே மாற்றச் சொல்லும் கார் நிறுவனங்களும் உண்டு. நம் வெயிலுக்கு ஆறு என்பதுதான் நியாயமான கணக்கு என்பது என் கருத்து. மாதம் 300 கி.மீ. மட்டும் ஓடும் கார்களுக்கு இது முக்கியம். ‘டிரெட் அப்படியே இருக்கு சார்’ என்று வைத்திருப்பார்கள். பக்கச்சுவரில் மயிரிழை வெடிப்புகள் ஓடியிருக்கும். ஸ்டெப்னியின் வயதையும் பார்த்துவிடுங்கள். பயன்படுத்தாத பழைய டயரும் பழைய டயர்தான்.

195/55 ஆர் 16 போன்ற அளவுக்குப் பின்னால் 87வி (87V) என்பது போல இருக்கும். 87 என்றால் அந்த டயர் தாங்கும் உச்ச எடை 545 கிலோ. அதுவும் 36 பி.எஸ்.ஐ. அளவில் காற்று இருக்கும்போது. காற்று குறைந்தால் தாங்கும் எடையும் குறையும். ‘வி’ என்பது வேக எழுத்து: வி (V) 240, எச் (H) 210, டி (T) 190 கி.மீ. வரை. நாம் யாரும் 190-ல் போவதில்லையே என்று கேட்கலாம். அந்த எழுத்து வேகத்துக்கு மட்டுமல்ல, சூட்டைத் தாங்கும் திறனுக்கும் அடையாளம். அதனால் நிறுவனம் கொடுத்ததைவிடக் கீழான எழுத்து வாங்காதீர்கள்.

செகண்ட் ஹேண்ட் டயர் பற்றிக் கேட்டால் என் பதில் எப்போதும் வேண்டாம் என்பதுதான். தேய்ந்த டயரில் பள்ளங்களைச் சூட்டுக்கத்தியால் வெட்டி ஆழமாக்கி, கறுப்புப் பாலிஷ் அடித்து வைத்திருப்பார்கள். வெட்டிய இடத்தில் எஃகுப் பட்டைக்கு மேல் ரப்பர் காகிதம் போலத்தான் மிஞ்சியிருக்கும்.

படி 5: பஞ்சர் கடையில் என்ன கேட்க வேண்டும்

ட்யூப்லெஸ் டயரில் ஆணி ஏறினால் வெளியிலிருந்தே ரப்பர் கயிற்றைத் திணித்து ஐந்து நிமிடத்தில் அனுப்பிவிடுவார்கள். அவசரத்துக்கு அது சரி. ஆனால் டயரைக் கழற்றி உட்புறம் பார்க்காமல் அது முழுமையான வேலை ஆகாது. உள்ளிருந்து போடும், காளான் வடிவ மஷ்ரூம் பேட்ச் துளையையும் அடைக்கும், ஈரம் எஃகுப் பட்டைக்குப் போவதையும் தடுக்கும். ஈரம் போனால் கம்பி துருப்பிடித்து, ஒரு வருடம் கழித்து அந்த இடத்திலிருந்து மேல்பட்டை பிரிய ஆரம்பிக்கலாம். ஓட்டை 6 மி.மீ.-க்கு மேல் இருந்தாலோ, பக்கச்சுவரிலோ தோள்பட்டைப் பகுதியிலோ (மேல்பட்டையும் பக்கச்சுவரும் சேரும் விளிம்பு) இருந்தாலோ எந்தப் பேட்ச்சும் ஆகாது.

காற்று இறங்கியது தெரியாமல் கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டீர்கள் என்றால் கட்டாயம் கழற்றச் சொல்லுங்கள். கழற்றியதும் உள்ளே கையை விட்டுப் பாருங்கள். பென்சில் சீவிய தூள் போலக் கறுப்பு ரப்பர் பொடி கையில் ஒட்டும். பக்கச்சுவரின் உட்புறம் வட்டமாக ஒரு தேய்ந்த கோடு ஓடும், அந்த இடம் மற்ற இடத்தைவிட மெத்தென்று இருக்கும். வெளியே ஒன்றுமே தெரியாது. அந்த டயருக்குப் பஞ்சர் போட்டுக் காற்றடித்தால் அளவு சரியாகவே நிற்கும். அதை நம்பி நெடுஞ்சாலைக்குப் போகக் கூடாது.

அலாய் வீல் வளைந்து காற்றுக் கசிகிறது என்றால் ‘உள்ள ஒரு ட்யூப் போட்டுடலாம்ணே’ என்பார்கள். வேண்டாம் என்று சொல்லுங்கள். ட்யூப்லெஸ் டயருக்குள் ட்யூப் உரசிச் சூடேறும். ட்யூப் கிழிந்தால் வால்வு ஓட்டை வழியாக மொத்தக் காற்றும் ஒரே மூச்சில் வெளியேறிவிடும். ஆணி ஏறினாலும் மெதுவாக இறங்குவதுதான் ட்யூப்லெஸ்ஸின் பெரிய நன்மை. அதை நாமே காசு கொடுத்துக் கெடுத்துக்கொள்வானேன்?

படி 6: ஓடும்போது கவனிக்க வேண்டியவை

டயர் பெரும்பாலும் சொல்லாமல் வெடிப்பதில்லை. வேகம் ஏற ஏற ஸ்டியரிங்கிலோ இருக்கையிலோ புதிதாக ஒரு ‘தடக் தடக்’ வந்தால் மேல்பட்டை பிரிகிறது என்று சந்தேகப்படுங்கள். சாலை மோசம், பாலன்சிங் போயிருக்கும் என்று சமாதானம் சொல்லிக்கொள்ளாமல் ஓரம் கட்டிப் பாருங்கள். வண்டி ஒரு பக்கம் இழுத்தால், ரப்பர் கருகும் நாற்றம் வந்தால், அப்போதும் அப்படியே.

டீக்கு நிறுத்தும்போது நான்கு டயரின் பக்கச்சுவரையும் புறங்கையால் தொட்டுப் பாருங்கள். எல்லாம் வெதுவெதுப்பாக இருந்தால் சரி. ஒன்று மட்டும் கை வைக்க முடியாத அளவு கொதித்தால் அதில் காற்று குறைந்திருக்கிறது, அல்லது அந்தச் சக்கரத்தில் பிரேக் பிடித்துக்கொண்டிருக்கிறது. டயர் இரண்டையும் தாங்காது.

கேரியரில் மூட்டை, பின்னால் மூன்று பேர், டிக்கி நிறைய சாமான் என்று போனால் ஸ்டிக்கரின் முழுச் சுமை அளவுக்குக் காற்று ஏற்றுங்கள். பின்டயர்களுக்குத்தான் வித்தியாசம் அதிகம் இருக்கும். யமுனா எக்ஸ்பிரஸ்வே போல 165 கி.மீ. நேராக ஓடும் சாலைகளில் சிக்கல் என்னவென்றால், சிக்னலோ ஊரோ குறுக்கிட்டு டயருக்கு ஓய்வு கொடுப்பதில்லை. ஒன்றரை மணி நேரத்துக்கு ஒருமுறை நிறுத்துவது ஓட்டுபவருக்கு நல்லது, டயருக்கும் நல்லது.

படி 7: வெடித்துவிட்டால்

இதை மட்டும் மனப்பாடமாக வைத்துக்கொள்ளுங்கள். ‘டமால்’ என்ற சத்தம் கேட்டதும் கால் தானாகப் பிரேக்குக்குப் போகும். போகக் கூடாது. வெடித்த சக்கரம் ஏற்கெனவே வண்டியை ஒரு பக்கம் இழுத்துக்கொண்டிருக்கிறது. பிரேக் அடித்தால் எடை முன்னால் சாய்ந்து இழுவை கூடும், வண்டி சுழலும்.

ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் இறுகப் பிடித்து, வண்டி போய்க்கொண்டிருந்த திசையிலேயே நேராக வைத்திருங்கள். ஆக்சிலரேட்டரிலிருந்து காலைச் சட்டென்று எடுக்காமல் ஓரிரு நொடி அப்படியே வைத்து, வண்டி நேர்பட்டதும் மெல்ல எடுங்கள். வேகம் தானாகக் குறையும். காற்றில்லாத டயரே பெரிய பிரேக். முன்டயர் வெடித்தால் வண்டி அந்தப் பக்கம் இழுக்கும், ஸ்டியரிங்கில் உடனே தெரியும். பின்டயர் வெடித்தால் வண்டியின் பின்பகுதி வாலாட்டும். அது இன்னும் ஆபத்து. அப்போது ஸ்டியரிங்கைச் சின்னச் சின்னதாகத்தான் திருத்த வேண்டும். வெடுக்கென்று எதிர்ப்பக்கம் திருப்பியதால்தான் பல வண்டிகள் உருண்டிருக்கின்றன. 50-க்குக் கீழே வந்த பிறகு ஹசார்டு விளக்கைப் போட்டு, இடது ஓரத்துக்குக் கொண்டுவந்து, அங்கே லேசாகப் பிரேக்கைத் தொடுங்கள்.

வளைவிலும் பாலத்திலும் நிறுத்தாதீர்கள். ரிம் நசுங்கினாலும் பரவாயில்லை, அகலமான இடம் வரை ஊர்ந்து போங்கள். நின்றதும் எல்லோரும் இடப்பக்கக் கதவு வழியாக இறங்கித் தடுப்புக்கு அப்பால் போய் நிற்க வேண்டும். முக்கோணத்தை வண்டிக்குப் பின்னால் நூறு மீட்டராவது தள்ளி வையுங்கள். வெடித்தது வலப்பக்கச் சக்கரம், பக்கத்தில் லாரிகள் பறக்கின்றன என்றால் ஜாக்கியை எடுக்கவே வேண்டாம். தேசிய நெடுஞ்சாலை உதவி எண் 1033-ஐ அழைத்துக் காத்திருங்கள். அடிபட்டிருந்தால் 108.

ஸ்டெப்னி மாட்டினால் நட்டுகளை வண்டி தரையில் இருக்கும்போதே கொஞ்சம் தளர்த்திவிட்டு, பிறகு தூக்குங்கள். மாட்டும்போது எதிரெதிர் நட்டாக முடுக்குங்கள். ஸ்டெப்னி ஒல்லியாக இருந்தால் அதன் உச்ச வேகம் 80 கி.மீ.தான், பக்கத்திலேயே எழுதியிருக்கும். ட்யூப்லெஸ் டயரும் டி.பி.எம்.எஸ்.ஸும் ரிப்பேர் கிட்டும் இருந்தால் ஸ்டெப்னி தேவையில்லை என்று 2020-ல் விதி மாறியிருப்பதால், சில கார்களில் ஸ்டெப்னியே இருக்காது. டிக்கியைத் திறந்து ஒருமுறை பார்த்துவைத்துக்கொள்ளுங்கள். அந்தக் கிட் ஆணி ஓட்டைக்கு மட்டும்தான் உதவும், வெடித்த டயருக்கு உதவாது.

படி 8: வெடித்த டயரைத் தூக்கிப்போடாதீர்கள்

அது என்ன காரணம் என்று சொல்லும். காரணம் தெரியாமல் புது டயர் போட்டால் அதற்கும் அதே கதி வரலாம்.

ஒரே இடத்தில் ‘எக்ஸ்’ வடிவத்திலோ நட்சத்திர வடிவத்திலோ கிழிந்து, அதே இடத்தில் ரிம்மும் நசுங்கியிருந்தால் பள்ளத்தில் வாங்கிய அடி. மேல்பட்டை நீளமாக உரிந்து எஃகுக் கம்பி பளபளத்தால் பட்டைப் பிரிவு. முதுமை, பழைய பஞ்சரில் இறங்கிய ஈரம், நீண்டநாள் சூடு, அரிதாகத் தயாரிப்புக் குறை ஆகியவை அதற்குக் காரணமாக இருக்கும். பக்கச்சுவர் சுற்றிலும் கிழிந்து வளையம் போலத் தனியாக வந்துவிட்டால் குறைந்த காற்றில் ஓடியிருக்கிறது என்று பெரும்பாலும் சொல்லலாம். வெடித்த பிறகு ஓட்டி வந்த தூரத்திலும் இப்படிக் கிழியும் என்பதால், மீதி மூன்று டயர்களின் அழுத்தத்தையும் அளந்து பாருங்கள். அவையும் 25, 26 காட்டினால் சந்தேகமே வேண்டாம்.

காப்பீட்டில் ஒரு நுணுக்கம். டயர் மட்டும் கெட்டால் வழக்கமான பாலிசியில் பணம் வராது. அதே விபத்தில் வண்டியும் சேதமானால்தான் டயருக்கும் கிடைக்கும், அதுவும் 50 சதவீதம் வரை. தயாரிப்புக் குறை என்று தோன்றினால் டயரையும் பில்லையும் டீலரிடம் கொடுங்கள். நிறுவனத்தின் ஆள் பார்த்து முடிவு சொல்வார்.

புதிதாக இரண்டு டயர் மட்டும் வாங்கினால் அவற்றைப் பின்னால் போடச் சொல்லுங்கள். முன்சக்கர இழுவை வண்டியாக இருந்தாலும் பின்னால்தான். ஈரச் சாலையில் பின்பகுதி வழுக்கினால் புதியவரால் சமாளிக்க முடியாது. கடைக்காரர் முன்னால் போடத்தான் சொல்வார். நீங்கள் பின்னால் என்று அழுத்திச் சொல்லுங்கள். பில் போடும் முன் அந்த நான்கு இலக்கத் தேதியையும் பாருங்கள். தயாராகி ஆறு மாதத்துக்கு மேல் ஆகியிருந்தால் வேறு கேளுங்கள், இருப்பில் இருந்தால் எடுத்துத் தருவார்கள்.